நால்வர் குழுவும் ஒரு குவெஸ்ட் வரிசையும்: வேகமான பாதை தடுக்கிய இடம்

பின்னணி

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில், வெளியாரோடு வணிகம் செய்யாமல் குழுவாக ஆடும் குரூப் அயர்ன்மேன் முறை 2021 அக்டோபரில் வந்தது. இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஒரு குழுவாகச் சேரலாம். குழுவுக்குள் பொருள்களைக் கைமாற்றிக்கொள்ளலாம். பொதுப் பெட்டகம் ஒன்றும் உண்டு. வெளியாரிடமிருந்து எதையும் பெற முடியாது. சாதாரணக் கணக்குகள் நம்பியிருக்கும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையும் இவர்களுக்கு இல்லை. ஒரு குவெஸ்ட்டுக்கு (விளையாட்டின் கதைப் பணிக்கு) எஃகுக் கட்டி வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தாது வெட்டி உருக்க வேண்டும்.

இங்கே பதிவாகும் குழுவில் நால்வர். முதலாமவர் இந்த விளையாட்டைப் பல ஆண்டுகளாக ஆடுபவர், திட்டம் அவருடையது. இரண்டாமவரும் பழையவர்தான், ஆனால் குவெஸ்ட்டுகளில் நாட்டமில்லாதவர். மூன்றாமவருக்குப் பொருள் சேகரிப்பதில் சலிப்பே வராது. நான்காமவர் புதியவர். வேலை, குழந்தை என்று பொழுது போக, கிடைக்கும் சிறு இடைவெளிகளில் மட்டும் ஆடுபவர். இடையில் எழுந்து போக வேண்டிய நிலை அடிக்கடி வரும்.

அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு, நால்வரும் பாரோஸ் கையுறை அணிவது. ரெசிபி ஃபார் டிசாஸ்டர் என்ற நெடிய குவெஸ்ட்டை முழுவதும் முடித்தவருக்கே அந்தக் கையுறை விற்கப்படும். விலை 1,30,000 நாணயம். அதை முடிக்க, மற்ற குவெஸ்ட்டுகளை முடித்துச் சேர்த்த 175 குவெஸ்ட் புள்ளிகளும் 70 குக்கிங் (சமையல்) லெவலும் வேண்டும். மங்கி மேட்னஸ், டெசர்ட் டிரெஷர் போன்ற கடினமான குவெஸ்ட்டுகளும் வழியில் நிற்கின்றன. ஆட்டத்தின் நடுக்கட்டத்துக்கு இது நியாயமான இலக்கு. இதை நோக்கிப் போகும் வழியிலேயே கணக்கின் பெரும்பாலான திறன்கள் வளர்ந்துவிடும்.

குழு சிக்கிக்கொண்ட பிறகுதான் முதலாமவர் என்னிடம் வந்தார். நான்கு கணக்குகளின் விவரங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்போது கிடைத்தது. நால்வரின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

பின்பற்றிய வரிசை

முதலாமவர் எடுத்துக்கொண்டது, பரவலாகப் புழங்கும் 'சிறந்த குவெஸ்ட் வரிசை'களில் ஒன்று. அதன் அடிப்படைக் கணக்கு சரியானதுதான். அதை முதலில் புரிந்துகொள்ளாவிட்டால் பிறகு நடந்ததும் புரியாது.

குவெஸ்ட் தரும் எக்ஸ்பி, அதாவது ஒரு திறனின் லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி, நிலையானது. வாட்டர்ஃபால் குவெஸ்ட் அட்டாக், ஸ்ட்ரெங்த் என்ற இரண்டு சண்டைத் திறன்களிலும் தலா 13,750 தருகிறது. லெவல் 30-க்குத் தேவை 13,363. ஆகவே லெவல் 1-இல் இருப்பவர் இரண்டிலும் ஒரே தாவலில் 30-ஐ எட்டுகிறார். அதே பரிசை லெவல் 70-இல் வாங்கினால், 71-க்குப் போகத் தேவைப்படும் 76,818-இல் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. ஃபைட் அரீனா 12,175 அட்டாக் எக்ஸ்பி, ட்ரீ நோம் வில்லேஜ் 11,450. மூன்றையும் கூட்டினால் 37,375. லெவல் 40-இன் எல்லை 37,224. மூன்று குவெஸ்ட்டுகளில் அட்டாக் 1-இலிருந்து 40. ரூன் வாளைக் கையில் எடுக்கலாம்.

இங்கே பலரும் தவறாகச் சொல்லும் ஒன்று உண்டு. 'முதலில் அடித்து லெவல் ஏற்றிவிட்டால் குவெஸ்ட் பரிசு வீணாகிவிடும்' என்பார்கள். வீணாவதில்லை. எக்ஸ்பி கூட்டல் கணக்கு. எந்த வரிசையில் கூட்டினாலும் மொத்தம் ஒன்றே. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. சண்டையில் ஒரு புள்ளி சேதத்துக்கு நான்கு எக்ஸ்பி. லெவல் 1-இல் இருப்பவரின் அடி பூஜ்யம், இல்லையென்றால் ஒன்று. அட்டாக்கை 40-க்கு ஏற்ற 9,306 புள்ளி சேதம் செய்தாக வேண்டும். அதில் முதல் சில ஆயிரம்தான் ஆமை வேகத்தில் நகரும். குவெஸ்ட் பரிசு அந்த மெதுவான மணிகளைத் தாண்டிக் குதிக்க உதவுகிறது. வரிசையின் ஆதாயம் முழுக்க அதுதான்.

முதலாமவர், மூன்றாமவர், நான்காமவர் மூவரும் இந்த வரிசைப்படி போனார்கள். இரண்டாமவர் மட்டும் கேட்கவில்லை. அட்டாக், ஸ்ட்ரெங்த் இரண்டையும் அடித்தே 40-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் குவெஸ்ட் பக்கம் திரும்பினார். குழுவில் இது ஒரு கேலிப் பொருளாகவே இருந்தது.

சிக்கல் தெரிந்த இடம்

தொடக்கம் வேகமாகவே போயிற்று. வாட்டர்ஃபால் குவெஸ்ட்டில் 86 லெவல் தீ அரக்கர்களைக் கடந்து ஓட வேண்டும், ஆனால் யாரையும் கொல்ல வேண்டியதில்லை. ஃபைட் அரீனாவில் எதிரிகளை எட்டாத இடத்தில் மாட்டவைத்து, தொலைவிலிருந்து மந்திரத்தால் வீழ்த்தலாம். அதன் அதிகாரபூர்வக் கடினநிலை 'எக்ஸ்பீரியன்ஸ்டு'. நான்காமவர் அதை ஒரே மாலையில் முடித்தார். அடுத்தபடி எங்கே நிற்க வேண்டும், எதைச் சொடுக்க வேண்டும் என்று அம்புக்குறி காட்டும் குவெஸ்ட் ஹெல்ப்பர் துணையும் அவரிடம் இருந்தது.

மங்கி மேட்னஸில் அவர் நின்றுபோனார். 'மாஸ்டர்' தரக் குவெஸ்ட் அது. இருந்தாலும் தொடங்குவதற்குத் திறன் லெவல் எதுவும் கேட்பதில்லை. தி கிராண்ட் ட்ரீயும் ட்ரீ நோம் வில்லேஜும் முடித்திருந்தால் போதும். வரிசைப் பட்டியலில் அது முன்னால் இருப்பதற்குக் காரணமும் இதுவே. ஏப் அட்டோல் தீவில் வில்லாளிக் குரங்குகளின் அம்புகளுக்கு நடுவே பதுங்கிப் போக வேண்டும். பிடிபட்டால் சிறை. தெற்கே ஒரு நீண்ட சுரங்கம். விஷச் சிலந்திகள், எலும்புக்கூடுகள், மேலிருந்து விழும் பாறைகள். அதைக் குவெஸ்ட் நடுவில் இரண்டு முறை கடக்க வேண்டும். கடைசியில் 195 லெவல் ஜங்கிள் டீமன்.

நான்காமவர் அம்புகளுக்கு நடுவிலும் சுரங்கத்திலும் திரும்பத் திரும்ப இறந்தார். இறந்த இடத்தில் கல்லறை பதினைந்து நிமிடம் பொருள்களைக் காத்து நிற்கும். அதற்குள் திரும்பிப் போக முடியாதவருக்கு அதுவே இன்னொரு சுமை. சில வாரங்களில் அவர் உள்ளே வருவதே குறைந்தது. குழு உரையாடலில் அவர் எழுதியது: "நான் உங்களைப் பிடித்து இழுக்கிறேன். என்னைக் கணக்கில் வைக்காமல் நீங்கள் போய்க்கொண்டிருங்கள்."

முதலாமவரின் முடிவு, 'அவருக்குக் கை பழகவில்லை' என்பது. மூன்றாமவரோ குவெஸ்ட்டே அநியாயமானது என்றார். ஆனால் எவரும் எதிர்பாராதபடி, கேலிக்கு ஆளான இரண்டாமவர் மங்கி மேட்னஸைப் பெரிய தொல்லை இல்லாமல் முடித்திருந்தார். அவர் அம்புக்குறித் துணைகூட வைத்திருக்கவில்லை.

கணக்குகள் சொன்னது

நான்காமவரின் அட்டாக் 44. கிராண்ட் ட்ரீயின் 18,400 எக்ஸ்பியும் சேர்ந்ததால் வந்தது அது. உயிரின் அளவான ஹிட்பாயிண்ட்ஸ் 26. தற்காப்புத் திறனான டிஃபென்ஸ் 1. காப்பு வேண்டுதல்களைத் தரும் பிரேயர் ஒற்றை இலக்கம்.

இந்த நான்கு எண்களே கதையைச் சொல்லிவிடுகின்றன. கையால் அடித்துப் பெறும் ஒவ்வொரு நான்கு எக்ஸ்பிக்கும் ஹிட்பாயிண்ட்ஸில் ஒன்றே கால் எக்ஸ்பிக்குச் சற்று மேல், அதாவது மூன்றில் ஒரு பங்கு வீதம், தானாகவே சேரும். குவெஸ்ட் பரிசாக வரும் அட்டாக் எக்ஸ்பியோடு அது வராது. இரண்டாமவர் அட்டாக், ஸ்ட்ரெங்த் இரண்டையும் 40-க்கு ஏற்றியபோது, அவர் கேட்காமலேயே ஹிட்பாயிண்ட்ஸில் 24,816 சேர்ந்து லெவல் 36 வந்திருந்தது. விட்சஸ் ஹவுஸ் குவெஸ்ட் தரும் 6,325-ம் சேர்ந்ததும் 38. நான்காமவருக்கு அந்த 6,325 மட்டும்தான். 10-இலிருந்து 24-க்குக் கொண்டுவந்தது அதுவே. மீதி இரண்டு லெவல் இங்குமங்கும் நடந்த சிறு சண்டைகளில் வந்தவை.

டிஃபென்ஸ் 1 என்றால் இரும்புக் கவசத்துக்கு மேல் எதையும் அணிய முடியாது. ரூன் வாளை ஏந்தியபடி இரும்புச் சட்டையில் ஏப் அட்டோலுக்குள் போயிருக்கிறார். பிரேயர் 37-இல் மந்திரத் தாக்குதலுக்கும், 40-இல் அம்புகளுக்கும், 43-இல் நேரடி அடிக்கும் காப்பு கிடைக்கும். மூன்றில் ஒன்றும் அவரிடம் இல்லை.

அப்படியானால் முதலாமவரும் மூன்றாமவரும் எப்படித் தேறினார்கள்? முதலாமவருக்கு அந்தத் தீவின் ஒவ்வொரு புதரும் தெரியும். எங்கே புல்லுக்குள் ஒதுங்குவது, சுரங்கத்தில் எப்போது எதைக் குடிப்பது என்று கை தானாகச் செய்யும். மூன்றாமவர் பெட்டகத்தில் இருந்த விஷமுறிவு மருந்தையும் உணவையும் அள்ளிச் சென்று, பல முறை இறந்து, பொறுமையால் கடந்தார். இருவரிடமும் இருந்த ஒன்று நான்காமவரிடம் இல்லை: இடைவிடாமல் ஒரு மணி நேரம் உட்காரும் வசதி. சுரங்கத்தின் நடுவில் எழுந்து போனால் நேரம் நிற்காது.

வரிசைப் பட்டியல் பொய் சொல்லவில்லை. அது எக்ஸ்பியும் நேரமும் சேர்ந்த ஒரு கணக்கு. ஆடுபவருக்கு எதிரியின் போக்கு தெரியும், இடையூறு வராது, குறைந்த ஹிட்பாயிண்ட்ஸை அனுபவம் ஈடுகட்டும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. தெரிந்தவருக்கு ஆதாயமாக வந்தது புதியவருக்குக் கடனாக நின்றது. கடினநிலைப் பெயர்களும் இதில் உதவவில்லை. 'எக்ஸ்பீரியன்ஸ்டு' என்ற ஃபைட் அரீனா ஒரு மாலையில் முடிந்ததால், அடுத்த படியும் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. அம்புக்குறி எங்கே போக வேண்டும் என்று காட்டும். எப்போது காப்பை மாற்ற வேண்டும் என்று காட்டாது.

எடுத்த முடிவுகள்

முதலில் எழுந்த யோசனை, முதலாமவர் நான்காமவரின் கணக்கில் நுழைந்து குவெஸ்ட்டை முடித்துக் கொடுப்பது. கணக்கைப் பகிர்வது விளையாட்டின் விதிகளுக்கு எதிரானது. அது ஒருபுறம் இருக்க, நான்காமவரே ஒரே வரியில் மறுத்துவிட்டார்: பிறகு நான் எதற்கு இந்த விளையாட்டில் இருக்க வேண்டும்? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது, மங்கி மேட்னஸை நான்காமவரின் பட்டியலில் பின்னுக்குத் தள்ளுவது. முதலாமவர் இதை எளிதில் ஏற்கவில்லை. இலக்குக்கு எப்படியும் அது வேண்டும், தள்ளிப்போடுவதால் என்ன லாபம் என்றார். என் பதில் கையுறையின் தேவைகளிலேயே இருந்தது. 175 குவெஸ்ட் புள்ளிகளையும் எப்படியும் சேர்த்தாக வேண்டும். அப்படியிருக்க, டிஃபென்ஸும் பிரேயரும் தரும் குவெஸ்ட்டுகளை முன்னால் இழுத்தால் ஒரு நிமிடமும் கூடுதலாகச் செலவாகப் போவதில்லை.

மெர்லின்ஸ் கிரிஸ்டல் ஆறு புள்ளிகள் தரும். எக்ஸ்பி எதுவும் தராததால் வரிசைகளில் கீழே கிடக்கும். அதை முடித்தால் ஹோலி கிரெயில் திறக்கும். ஹோலி கிரெயில் தருவது 11,000 பிரேயர் எக்ஸ்பியும் 15,300 டிஃபென்ஸ் எக்ஸ்பியும். டிஃபென்ஸ் 1-இலிருந்து நேரே 31. அடமன்ட் கவசம் அணியலாம். பிரேயருக்கு ரெஸ்ட்லெஸ் கோஸ்ட்டின் 1,125, பிரீஸ்ட் இன் பெரிலின் 1,406 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 13,531, அதாவது லெவல் 30. ஓர் எலும்பைக்கூடப் புதைக்காமல் இவ்வளவு.

மிச்சமுள்ள பிரேயருக்குக் குழு கைகொடுத்தது. பெரிய எலும்பு ஒன்றைப் புதைத்தால் 15 எக்ஸ்பி; எக்டோஃபன்டஸ் என்ற வழிபாட்டிடத்தில் அரைத்த எலும்பையும் சளியையும் படைத்தால் நான்கு மடங்கு, 60. 43-ஐ எட்ட இன்னும் 36,808 வேண்டும். ஏறக்குறைய 614 எலும்புகள். அரக்கர்களை அடித்து எலும்பு சேர்க்க இரண்டாமவர் ஒப்புக்கொண்டார். அவருக்கு அது வேலையே அல்ல, பொழுதுபோக்கு. எலும்புக்கு ஒன்று வீதம் பானைகளும் சளி நிரப்ப வாளிகளும் மூன்றாமவர் பொறுப்பு.

மூன்றாவது முடிவில்தான் வாக்குவாதம் நீண்டது: ஹிட்பாயிண்ட்ஸை 40-க்கு ஏற்றாமல் தீவுக்குத் திரும்புவதில்லை. அதற்கு மணல் நண்டுகளைத் தேர்ந்தோம். அவை மிகக் குறைவாக அடிப்பவை, 60 புள்ளி உயிர் கொண்டவை, தாமாக வந்து தாக்குபவை. ஒரு நண்டுக்கு ஹிட்பாயிண்ட்ஸில் 80 எக்ஸ்பி. 26-இலிருந்து 40-க்கு 28,484 எக்ஸ்பி. சுமார் 356 நண்டுகள். முதலாமவருக்கு இது வீண் வேலையாகப் பட்டது. ஆனால் தற்காப்பு நிலையில் நின்று அடித்தால் அதே நண்டுகள் டிஃபென்ஸில் 85,000-க்கு மேல் சேர்த்துவிடும். ஹோலி கிரெயிலின் பரிசோடு கூட்டினால் லெவல் 49. நண்டுகள் ஏறத்தாழ பத்து நிமிடம் தாமாகத் தாக்கிவிட்டு ஓயும். நடுவில் எழுந்துபோனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அவருடைய சிறு இடைவெளிகளுக்குப் பொருந்துவதாக நான் கண்ட ஒரே சண்டைப் பயிற்சி அதுதான்.

பொருள் பக்கம்

இன்னொரு தடையும் வரிசைப் பட்டியலில் மறைந்திருந்தது. டெசர்ட் டிரெஷர் கேட்கும் திறன்கள் 50-ஐ ஒட்டியவை: மேஜிக் 50, ஃபயர்மேக்கிங் 50, தீவிங் 53. ஆனால் கேட்கும் பொருள்களில் ஆளுக்கு 12 மேஜிக் மரக்கட்டை. சந்தை உள்ளவருக்கு அது ஒரு நிமிடச் செலவு. சந்தை இல்லாதவர் வெட்டிக்கொள்ள வேண்டுமானால் உட்கட்டிங் (மரம் வெட்டும் திறன்) 75, அதாவது 12,10,421 எக்ஸ்பி. தனியாள் அயர்ன்மேனுக்கான வரிசைகள் இதைக் கணக்கில் எடுத்தாலும் நால்வர் குழுவுக்கு அவையும் பொருந்துவதில்லை. நால்வரும் 75 ஏற்றத் தேவையில்லை. ஒருவர் ஏற்றி 48 கட்டைகள் வெட்டினால் போதும். மூன்றாமவர் ஏற்கெனவே 60-களில் இருந்தார். இதைக் கேட்டதும் அவர் வேறு எதையும் விசாரிக்காமல் கோடாலியை எடுத்துக்கொண்டு போனார்.

தொடர்ந்து நடந்தவை

ஹோலி கிரெயிலில் நான்காமவர் ஒரு முறை தோற்றார். பிளாக் நைட் டைட்டனை எக்ஸ்காலிபர் வாளின் அடியால்தான் வீழ்த்த முடியும் என்பதை அவர் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை முடித்தார். நண்டுகளின் கட்டம் சலிப்பாக இருந்ததாகச் சொன்னார், ஆனால் அந்த வாரங்களில் அவர் உள்ளே வராத நாள் அரிது. எலும்புகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வந்தன. 40 பிரேயர் ஆனதும் மூன்றாவது காப்புக்குக் காத்திருக்காமல் தீவுக்குப் போய்விட்டார். அது அவர் எடுத்த முடிவு, சரியான முடிவும்கூட. அம்புகளே அவரை அதிகம் கொன்றிருந்தன.

சுரங்கத்தில் மீண்டும் ஒரு முறை இறந்தார். மற்றபடி கடந்தார். ஜங்கிள் டீமனை மந்திரக் காப்போடு தொலைவில் நின்று முடித்தார். பரிசில் எந்த இரண்டு திறன்களுக்கு 35,000, எந்த இரண்டுக்கு 20,000 என்று தேர்வு உண்டு. ஸ்ட்ரெங்த்தையும் ஹிட்பாயிண்ட்ஸையும் பெரிய பங்குக்கு எடுத்துக்கொண்டார். ஹிட்பாயிண்ட்ஸ் 46 ஆயிற்று.

ரெசிபி ஃபார் டிசாஸ்டரின் கடைசிச் சண்டைகளில் பிரேயர் வேலை செய்யாது. காப்புகளை நம்பிப் பழகியவர் அங்கே வெறும் உடம்போடு நிற்க வேண்டும். முதலாமவரும் இரண்டாமவரும் அடுத்தடுத்து முடித்தார்கள். சிறிது காலம் கழித்து மூன்றாமவர். இரண்டாமவர் முதலாமவரைவிட எவ்வளவோ மெதுவாகத் தொடங்கியவர். கடைசியில் இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி, தொடக்கத்தில் முதலாமவர் கணித்துக் கேலி செய்த அளவில் இல்லை. ஆனாலும் வேகமாக வந்தவர் முதலாமவரே. இதை வைத்து மெதுவான பாதையே சிறந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காமவர் இதை எழுதும் நேரத்தில் டெசர்ட் டிரெஷரில் இருக்கிறார். அதில் தேட வேண்டிய நான்கு வைரங்களில் இரண்டு கிடைத்துவிட்டன. பனிப்பாதையில் குளிர் திறன்களைக் குறைத்துக்கொண்டே இருக்கும். அங்குள்ள எதிரி கமில் உறைய வைப்பான். அங்கே சிலமுறை திரும்பி வந்திருக்கிறார். இம்முறை குழுவை விட்டுப் போவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மாற்ற வேண்டியவை

குழு அடுத்து வருபவர்களுக்காகத் தன் வரிசையைத் திருத்தி எழுதியிருக்கிறது. வாட்டர்ஃபால், ஃபைட் அரீனா, ட்ரீ நோம் வில்லேஜ் மூன்றும் முதலிலேயே இருக்கின்றன, அதில் மாற்றமில்லை. அவற்றுக்கு அடுத்து மெர்லின்ஸ் கிரிஸ்டல், ஹோலி கிரெயில், பிரேயர் தரும் சிறு குவெஸ்ட்டுகள். மங்கி மேட்னஸுக்கு எதிரே ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது: தீவைத் தெரியாதவர் ஹிட்பாயிண்ட்ஸ் 40, பிரேயர் 40 இல்லாமல் போகக் கூடாது. தெரிந்தவருக்கு நிபந்தனை இல்லை.

ஒவ்வொரு குவெஸ்ட்டுக்கும் அதிகாரபூர்வக் கடினநிலையோடு இன்னொரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள்: நடுவில் எழுந்து போக முடியுமா, முடியாதா. எனக்கு இதில் மிகவும் பயனுள்ளதாகப் படுவது இதுவே. இதைக் கேட்டவர் நான்காமவர்.

உட்கட்டிங் 75 வேலையைக் குழு தொடங்கும் நாளிலேயே ஒருவர் கையில் எடுக்க வேண்டும் என்பது மூன்றாமவரின் திருத்தம். முதலாமவர் இன்னும் ஒன்றில் உடன்படவில்லை: நண்டுகளுக்குப் பதிலாக அந்த நேரத்தில், குறிப்பிட்ட எதிரிகளைத் தேடிக் கொல்லும் ஸ்லேயர் வேலைகளை எடுத்திருந்தால் ஹிட்பாயிண்ட்ஸும் ஏறியிருக்கும், டெசர்ட் டிரெஷர் கேட்கும் 10 ஸ்லேயரும் முடிந்திருக்கும் என்கிறார். கணக்கில் அவர் சொல்வது சரி. டிஃபென்ஸ் 31-இல் இருந்த ஒருவரை இலக்கு தேடி ஊர் ஊராக அலையவைத்திருந்தால் அவர் தொடர்ந்து வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். அடுத்த புதியவருக்கு ஸ்லேயரை முயன்று பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது.